வில்ஃப் போட்ட தேத்தண்ணி

கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் றெஜி ஒரு வள்ளம் வாங்கியிருக்கிறான். பழைய பைபர் வள்ளம். வீட்டுக்கு முன்னால் கார் நிற்கவேண்டிய இடத்தில் டிரெய்லரில் ஏற்றி வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டார். அவனும் இரண்டு கூட்டாளிகளும் அதை எசெக்ஸ் கரையில் இறக்கி, சனி ஞாயிறுகளில் மீன் பிடிக்கப் போகிறார்களாம். மூவரும் மன்னார்ப் பிள்ளைகள்தான். ஆனால் ஒருவன் கணக்காளன், மற்றவன் பஸ் ஓட்டுகிறான், றெஜி வீடு திருத்தும் வேலை எடுத்துச் செய்கிறான். கடலில் கால் நனைத்தது விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மட்டும்.

போன கிழமை றெஜி லண்டனின் தெற்குப் பக்கம் சட்டனில் இருக்கும் என் வீடு தேடி வந்தான். என் மனைவி மெற்றில்டா றோல்ஸ் பொரித்துக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். வருகிற ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் பாதர் வந்து தீர்த்தம் தெளித்து வள்ளத்தை மந்திரிக்கிறாராம். எங்கள் கோயில் பங்கில் கடல்தொழில் செய்து ஓய்வெடுத்த ஆள் நான் ஒருவன்தானாம். அன்றைக்கு நான் வந்து முன்னுக்கு நிற்கவேண்டும், பிறகு கடலுக்கும் கூட வரவேண்டும் என்றான்.

"சூசை அண்ணை, நீங்கள் வட கடலிலை சமன் மீன் பிடிச்ச ஆள். நீங்கள் ஒருக்கா வந்தால் எங்களுக்குப் பயமில்லை."

எனக்கு அலுத்துவிட்டது. முழங்கால் இரண்டும் படி ஏற விடுவதில்லை. கோட்டுப் போடும்போதெல்லாம் வலது தோள் பிடித்துக்கொள்கிறது. குளிர் தொடங்கினால் விரல் மடங்காது, மெற்றில்டாதான் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுகிறாள். கடல் என்றதும் மற்றவர்களுக்கு ஏதேதோ அழகெல்லாம் நினைவு வருகிறது. எனக்கு நனைந்த காலுறைதான் நினைவு வருகிறது. ஏலாது தம்பி என்றேன். றெஜி விடுகிற ஆளில்லை. அப்படியென்றால் அனுபவத்தையாவது எழுதித் தாருங்கள், குறூப்பில் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு மிச்ச றோல்ஸையும் கட்டிக்கொண்டு போனான். பாதர் மந்திரிக்கிறார் என்று அவன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று அவனுக்கு விளங்கவில்லை. அதற்குப் பதிலும் இதில் வரும்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது சண்டைக் காலத்தில். இறங்கியது லண்டனில்தான். ஆனால் வழக்கு நடக்கும்போது என்னை வடகிழக்குக் கரையிலுள்ள ஒரு நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். விசா கிடைத்ததும் லண்டனுக்கு ஓடி வருவதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். நானும் பையைக் கட்டினேன். மெற்றில்டாவும் கைக்குழந்தையாக இருந்த மகளும் மன்னாரில் இருந்தார்கள். எனக்குக் கிடைத்த விசாவுக்கு, நிலையான வேலை ஒன்று இருந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் துறைமுகத்தில் வில்ஃப் என்றொருவருக்கு வள்ளத்தில் ஓர் ஆள் தேவை என்று கோயிலில் ஒரு அம்மா சொன்னார். அந்த அம்மாவின் வீட்டில்தான் நான் அறை எடுத்து இருந்தேன். கட்டிய பையை அவிழ்த்தேன்.

வில்ஃப் அறுபதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். கட்டை, அகலத் தோள், காதுக்குள்ளும் மயிர். மனைவி செத்துப்போய்த் தனியே இருந்தார். முதல் நாள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, சத்தி எடுப்பாயா என்று. இல்லை, எங்கள் பரம்பரையே கடல்தொழில் என்றேன். அடுத்த நாள் ஆற்றுவாயைத் தாண்டுவதற்கு முன்னமே சத்தி எடுத்தேன். எங்கள் கடல் ஆழமில்லாதது, அலை குட்டை. அந்தக் கடல் உருண்டு வந்து அடிவயிற்றோடு தூக்கும். வில்ஃப் ஒரு வாளியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். முதல் பருவம் முழுக்க அந்த வாளி என் பக்கத்திலேயே இருந்தது.

அவர் பேசிய வடக்கு இங்கிலிஸ் பாதி எனக்கு விளங்காது. அதனால் அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர் எங்கள் ஊர் பேசாலையில் பிறந்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார்.

சால்மன் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது தகரப் பேணியில் அடைத்து வரும் ரின்மீன். ஊரில் சமன் ரின் என்று ஆசையாய் வாங்குவோமே, அதற்குள் இருப்பது வேறு ஏதோ மீன் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. உண்மையான சால்மன் ஆற்றில் பிறக்கும், கடலுக்குப் போய் வளரும், முட்டையிட அதே ஆற்றைத் தேடித் திரும்பி வரும். கோடையில் அது கரையோரமாக வருகிற பாதைக்குக் குறுக்கே நாங்கள் வலை விடுவோம். மேலே மிதப்பு, கீழே ஈயம், நடுவில் திரை மாதிரித் தொங்கும் நைலோன். ஒரு முனையில் மிதவை, மறுமுனை வள்ளத்தில். எஞ்சினை நிறுத்திவிட்டு வலையோடு சேர்ந்து மிதப்போம். கண் முழுக்க மிதப்புகளில் இருக்கவேண்டும். இரண்டு மூன்று மிதப்பு சட்டென்று தாழ்ந்தால் மீன் பட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே போய் எடுக்கவேண்டும். சுணங்கினால் கடல்நாய் வந்து முழு மீனையும் தின்றுவிட்டுத் தலையை மட்டும் வலையில் விட்டுவைக்கும்.

இது உன் பங்கு என்று வில்ஃப் அந்தத் தலையை என்னிடம் நீட்டுவார். பகிடிக்குத்தான். நான் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுபோய்ப் புளி விட்டுக் குழம்பு வைப்பேன். ஒருநாள் அவருக்கும் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, முழுவதையும் முடித்தார். அதற்குப் பிறகு நல்ல தலையாகப் பார்த்து எடுத்து வைப்பார்.

இந்தத் தொழிலில் பொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அமைதியான கடலில் சால்மன் பிடிபடாது. தண்ணீர் தெளிந்து கிடந்தால் வலை அதற்குத் தெரியும், சுற்றிக்கொண்டு போய்விடும். காற்றடித்துக் கடல் கலங்கினால்தான் வலை மறையும். எனவே மற்ற வள்ளங்கள் கரைக்கு ஓடி வரும் நேரத்தில் நாங்கள் வெளியே போவோம். வெயில் எறித்து, பிள்ளைகள் கரையில் குளிக்கிற நாளில் வில்ஃபின் முகம் தொங்கிப்போயிருக்கும். வானம் கறுத்தால் முகம் மலரும். வள்ளமோ இருவர் நிற்கிற திறந்த மர வள்ளம். முன்பக்கத்து அணியம் ஆழமாய்த் தண்ணீருக்குள் நிற்கும், பின்பக்கம் தட்டையாய் மேலே மிதக்கும். அப்படியான வள்ளத்தைப் பின்னாலிருந்து வரும் பெரிய அலை தூக்கினால் முன்பக்கம் குத்திக்கொள்ளும், வள்ளம் சுழன்று பக்கவாட்டில் கவிழும். எங்கள் துறைமுகம் ஆற்றுவாய்க்குள் இருந்தது. வாயில் ஒரு மணல்திட்டு. கடல் வற்றுகிற நேரம் ஆற்றுத்தண்ணீர் வெளியே பாயும், வாடைக்காற்று அலையை உள்ளே தள்ளும். இரண்டும் அந்தத் திட்டில் மோதும்போது அலை நிமிர்ந்து நின்று உடையும். அந்தக் கரையில் போன உயிர்களில் பாதி அங்கே, வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் போனது.

வில்ஃப் கத்துகிற ஆளில்லை. நான் வலையைச் சிக்கவைத்தாலும், மீனைத் தவறவிட்டாலும் ஒரு பேச்சு வராது. கோபம் வந்தால் எஞ்சினை நிறுத்துவார். அணியத்தில் இருந்த சின்ன மறைப்புக்குள் குனிந்து, காஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போடுவார். எனக்கும் ஒரு கோப்பை தருவார். குடித்து முடியும்வரை வாய் திறக்கமாட்டார். அந்தத் தேத்தண்ணியைக் கையில் வாங்கும்போதே என்ன பிழை விட்டேன் என்று தேடத் தொடங்குவேன். சந்தோஷமான நாளில் தேத்தண்ணியே கிடையாது. அவரிடம் தேத்தண்ணி கிடைக்காமல் ஒரு கிழமை போனால் நான் வேலையை ஒழுங்காய்ச் செய்கிறேன் என்று விளங்கிக்கொள்வேன்.

வள்ளத்தில் சில கட்டுப்பாடுகள் இருந்தன. விசில் அடிக்கக்கூடாது. பன்றி என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது. இதெல்லாம் எங்களிடமும் வேறு மாதிரி இருப்பதுதான், எனக்குப் புதினமாகத் தெரியவில்லை. பாதர்மாரைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றுமா?

எங்களிடம் பாதர் வந்து தீர்த்தம் தெளிக்காமல் புது வலை கடலில் படாது. பருவத்தின் முதல் நாள் அவர் கடற்கரைக்கு வருவார், ஒவ்வொரு வள்ளத்தின் அணியத்தையும் தொட்டு மந்திரிப்பார். சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு முழந்தாளில் நிற்காத வள்ளக்காரச் சம்மாட்டியை நான் கண்டதில்லை. இரண்டாவது பருவம் தொடங்கியபோது வில்ஃபுக்கு நன்றிக்கடனாய் ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. எங்கள் பங்குத் தந்தை பாதர் மைக்கலிடம் போய்க் கேட்டேன். அவர் அயர்லாந்துக்காரர், மாட்டுப்பண்ணையில் பிறந்தவர், கடலென்றால் பயம். ஆனாலும் மறுக்கவில்லை. வில்ஃபுக்குத் தெரியாமல் வைத்திருந்து சந்தோஷப்படுத்தலாம் என்று இருவரும் திட்டம் போட்டோம்.

அன்று காலை கடல் அளவாய்க் குழம்பி, சால்மனுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. துறைமுகத்தில் எல்லா வள்ளமும் எஞ்சின் போட்டு நின்றன. பாதர் கறுப்பு உடுப்பும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாய், தீர்த்தப் போத்தலோடு வந்தார். பயந்து பயந்து ஒரு காலை வள்ளத்தின் விளிம்பில் வைத்து அணியத்தில் தெளித்தார். மீன்பெட்டிகளோடு படியிறங்கி வந்த வில்ஃப் பாதி வழியில் நின்றுவிட்டார். பக்கத்து வள்ளத்தில் பேச்சு நின்றது. பிறகு ஒவ்வொரு எஞ்சினாய் நின்றது.

வில்ஃப் பெட்டிகளை வைத்தார். வள்ளத்துக்குள் இறங்கி எங்கள் எஞ்சினை நிறுத்தினார். அடுப்பைப் பற்றவைத்தார். பாதருக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒரு கோப்பை. என்ன அருமையான மனுசன் என்று பாதர் என் காதில் சொன்னார். அந்தத் தேத்தண்ணியின் அர்த்தம் எனக்குத்தான் தெரியும். குடித்து முடிந்ததும் வில்ஃப் கோப்பைகளைக் கழுவி வைத்து, கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பருவத்தின் முதல் நாள், அவ்வளவு நல்ல கடல், ஒரு வள்ளம்கூட வெளியே போகவில்லை.

அடுத்த நாள் வலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல்தான் பேசினார்.

"என்ரை அப்பா கடைசியாய்ப் போன அண்டைக்குக் காலமை, இந்தப் படியிலை ஒரு பாதர் நிண்டவர். அப்பா திரும்பி வரேல்லை. எனக்கு அப்ப ஏழு வயசு. இன்னொருக்கா உன்ரை பாதரை இந்தத் துறைமுகத்திலை கண்டனெண்டால், நீயும் அவரோடையே போயிடு."

வள்ளத்தடியில் பாதரைக் கண்டால் அந்தக் கரையில் எல்லாருக்குமே கெட்ட சகுனமாம். நான் போய்ப் பாதரிடம் சொன்னேன். அவருக்கு முகம் செத்துப்போனது. தன் வாழ்நாளில் ஒருவருக்கும் தான் அபசகுனமாய் இருந்ததில்லை என்றார். என் மனைவியும் பிள்ளையும் இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். துறைமுகத்தின் பக்கம் தலை காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். கடைத்தெருவுக்குப் போகக்கூட மேட்டு வழியால் சுற்றித்தான் போவார். அந்தக் கோடையில் மெற்றில்டாவின் விசாவுக்குப் போட்டோம். வில்ஃப் என்னை வேலையிலிருந்து நிறுத்தினால் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு காலையும் படியில் கறுப்பாய் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

பருவம் முடிய இருந்த நேரத்தில் அந்த நாள் வந்தது. காலையில் காற்று அளவாய்த்தான் இருந்தது. வலையை விட்டுச் சிறிது நேரத்தில் மிதப்புகள் தாழத் தொடங்கின, ஒன்றன்பின் ஒன்றாய். அப்படிப் பட்டதை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. எடுத்துக்கொண்டே இருந்தோம். வலையோடு கொழகொழவென்ற சிவப்புச் சொறிமீனும் வந்தது. அதன் துண்டுகள் காற்றில் பறந்து கண்ணில் பட்டு எரிந்தன. துடைக்க நேரமில்லை. மத்தியானத்துக்குள் காற்று முழு வாடையாய்த் திரும்பியது. வில்ஃப் வானத்தைப் பார்த்தார், வலை முழுவதையும் ஏற்று என்றார். ஏற்றி முடிந்தபோது என் தோள் கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. இன்றைக்கும் நோகிற தோள் அதுதான்.

ஆற்றுவாய்க்கு வந்தோம். கடல் வற்றிக்கொண்டிருந்தது. திட்டின் மேல் வெள்ளைச் சுவர் எழும்பி எழும்பி விழுந்தது. உள்ளே போவதைப் பற்றி யோசிக்கவே முடியாது. கடல் பெருகத் தொடங்கும்வரை வெளியே நிற்கவேண்டும். வில்ஃப் வள்ளத்தைச் சற்று வடக்கே எடுத்து, அணியத்தைக் காற்றுக்குக் கொடுத்து மெதுவாய்ப் பிடித்துக்கொண்டு நின்றார். மழையும் சேர்ந்தது. நான் செபமாலையை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வில்ஃப் தூரக்கண்ணாடியை எடுத்து ஆற்றுவாயைப் பார்த்தார். பிறகு துறைமுகத்தைப் பார்த்தார். அங்கேயே கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதைப் பெட்டிக்குள் வைத்தார். சுக்கானை என் கையில் தந்துவிட்டு, மறைப்புக்குள் குனிந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

என்ன பிழை விட்டேன் என்று யோசித்தேன். வலை ஒழுங்காய்த்தான் கிடந்தது, மீன்பெட்டிகள் கட்டித்தான் இருந்தன. அந்தக் கடலில், அந்த ஆட்டத்தில், மனுசன் ஒரு கையால் கேத்திலைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணி போடுகிறார். ஒரு பெரிய அலை பக்கவாட்டில் வந்ததை நான் கண்டேன். பிடியுங்கோ என்று கத்தினேன். அவர் பிடித்திருந்தது கேத்திலைத்தான். அலை அவரைத் தூக்கி எஞ்சின் பெட்டியின் மூலையில் அடித்தது. விலா எலும்பு முறிந்த சத்தம் காற்றையும் மீறி எனக்குக் கேட்டது.

எழும்ப முடியவில்லை. மூச்சு அரைகுறையாய் வந்தது, உதட்டோரம் இரத்தம். நான் ரேடியோவில் கூப்பிட்டேன். மீட்பு வள்ளம் வடக்கே ஒரு பாய்க்கப்பலுக்கு உதவப் போயிருந்தது, வர நேரமாகும் என்றார்கள். காத்திருப்போம் என்றேன். வில்ஃப் தலையை ஆட்டி மறுத்தார். பெருக்குத் தொடங்கிவிட்டது, நீதான் உள்ளே கொண்டுபோகவேண்டும் என்றார். எனக்குத் திட்டைத் தாண்டிச் சுக்கான் பிடித்த பழக்கமே இல்லை. ஏலாது என்றேன். அழுதும் விட்டேன் என்று நினைக்கிறேன். மன்னாரில் என் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று மெற்றில்டா தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அதுதான் தலைக்குள் நின்றது.

வில்ஃப் ஒவ்வொன்றாய்ச் சொல்ல, நான் செய்தேன். தடித்த கயிற்றில் பழைய டயர்களைக் கட்டிப் பின்னால் இழுபட விடச் சொன்னார். பின்பக்கம் சுழலாமல் அது பிடித்துக்கொள்ளும். பிறகு தன்னை இழுத்து எஞ்சின் பெட்டியில் சாய்த்து, பின்னுக்குப் பார்த்தபடி இருத்தச் சொன்னார். தொட்ட இடமெல்லாம் அவருக்கு நொந்தது.

"நான் பின்னுக்குப் பாக்கிறன். நீ முன்னுக்குப் பார். நான் போ எண்டால் போ. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதை."

அலையின் முதுகில் ஏறி அதோடு போகவேண்டும். அதை முந்தினால் முன்பக்கம் குத்தும், அது எங்களை முந்தினால் வள்ளம் சுழலும். என் முன்னால் இரண்டு கல் அணைகளுக்கு இடையில் ஆற்றுவாய். அதற்கப்பால் படி, படிக்குப் பக்கத்தில் ஐஸ் கொட்டில். வில்ஃப் பொறு என்றார். மறுபடியும் பொறு என்றார். என் முதுகுக்குப் பின்னால் பெரிதாய் ஏதோ எழும்பி மூச்சுவிட்டது. திரும்பவேண்டும் என்று கழுத்துத் துடித்தது. போ என்றார்.

போனேன். அலை எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கயிறு இறுகிக் கிறீச்சிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளையாய் உடைந்து மழை மாதிரித் தலையில் கொட்டியது. குறை, குறை என்றார் வில்ஃப், எஞ்சினைக் குறைத்தேன். இப்ப குடு என்றார், கொடுத்தேன். அவருடைய குரல் மெலிந்துகொண்டே வந்தது. அந்த நேரத்தில்தான் ஐஸ் கொட்டிலின் மூலையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்ததைக் கண்டேன். கறுப்பு உடுப்பு, வெள்ளைக் கழுத்து. பாதர் மைக்கல்.

எனக்குச் சாவுப் பயத்துக்கு மேலே இன்னொரு பயம் வந்தது. வில்ஃப் பின்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பினால் என் வேலை போனது, மெற்றில்டாவும் பிள்ளையும் போனார்கள். மாதாவே, இந்த மனுசன் திரும்பக்கூடாது என்று மன்றாடினேன். கவிழாமல் காப்பாற்று என்று கேட்கவேண்டிய நேரத்தில் நான் இதைத்தான் கேட்டேன். தலை மறுபடி கொட்டிலுக்குப் பின்னால் மறைந்தது. அடுத்த மூச்சில் அணைக்குள் வந்துவிட்டோம். தண்ணீர் சட்டென்று தட்டையானது.

படியில் ஆட்கள் ஓடி வந்தார்கள், ஆம்புலன்ஸ் நின்றது. வில்ஃபைத் தூக்குபடுக்கையில் வைத்து மேலே கொண்டுபோனார்கள். நான் அவருடைய பக்கத்திலேயே, ஐஸ் கொட்டிலை மறைத்துக்கொண்டு நடந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன்.

"கொட்டிலுக்குப் பின்னாலை நிக்கிற மனுசனை வெளியிலை வரச் சொல்லு. மத்தியானம் தொடக்கம் மழையிலை நிக்கிறார். அவருக்குத் தேத்தண்ணி குடு."

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் கொட்டிலுக்குப் பின்னால் போனேன். பாதர் உடம்பெல்லாம் நடுங்க, தீர்த்தப் போத்தலைக் கோட்டுக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அறை எடுத்திருந்த வீட்டு அம்மா போய், வள்ளம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். வராமல் இருக்க ஏலவில்லை, கடலிலிருந்து தெரியாத இடமாய்ப் பார்த்துத்தான் நின்றேன் என்றார். முதலில் கேட்டது, அவர் என்னைக் கண்டுவிட்டாரா என்றுதான். கண்டுவிட்டார், உங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார் என்றேன். அந்தப் பெரிய மனிதர் என் தோளில், நோகிற தோளில், தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரியில் வில்ஃபைப் பார்க்கப் போனபோது குழம்பு கொண்டுபோனேன். அவர் சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து, பாதரை எப்போது கண்டீர்கள் என்று கேட்டேன்.

"வடக்கை தள்ளி நிண்டமே, அப்ப. அங்கையிருந்து பாத்தால் கொட்டிலின்ரை பின்பக்கம் வடிவாய்த் தெரியும்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. தூரக்கண்ணாடி, அந்தக் கடலில் தேத்தண்ணி, எஞ்சின் பெட்டி. பாதரைக் கண்ட கோபத்தில்தான் மனுசன் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார், அதில்தான் விலா உடைந்திருக்கிறது. அவருக்கும் அது தெரியும். கெட்ட சகுனம் என்று நான் சொன்னது சரிதானே என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததும் நொந்தது, கையால் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

என் வேலை என்ன மாதிரி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்தான், வலை ஈரத்தோடு கிடந்தால் பழுதாகிவிடும், போய்க் காயப்போடு என்றார்.

அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்னமே மெற்றில்டாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். வில்ஃபோடு நான் கன வருஷம் கடலுக்குப் போனேன். அவர் வள்ளத்தைக் கரையேற்றிய பிறகு வேறு ஆட்களோடும் போனேன். பிறகு அந்தக் கரையில் வலை போட்டுச் சால்மன் பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மீன் குறைந்துவிட்டதாம். இருக்கலாம். நான் சண்டை பிடிக்கப் போகவில்லை, எனக்கும் காணும், போதும் என்றிருந்தது. மகள் வேலை எடுத்த சட்டனுக்கு நாங்களும் வந்துவிட்டோம். வில்ஃப் போய்ச் சேர்ந்துவிட்டார், நித்திரையில். பாதர் மைக்கல் அந்த நாளுக்குப் பிறகு துறைமுகத்துக்கு வருவார், ஆனால் கடைசிவரைக்கும் ஐஸ் கொட்டிலைத் தாண்டி வள்ளங்களின் பக்கம் வரவில்லை. வில்ஃப்தான் அங்கே போய்க் கோப்பையைக் கொடுத்துவிட்டு வருவார். கோபத்தில் போட்டாரா, இல்லையா என்று நான் கேட்கவில்லை.

றெஜி, இதுதான் கதை. கடல் கலங்கினால் சனி ஞாயிறு வீட்டிலேயே இருங்கோ, நீங்கள் பிடிக்கப்போகிற மீனுக்கு அது தேவையில்லை. அடுப்பு வள்ளத்தில் வைக்கவே வேண்டாம். கடலுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரயில் மாறி மாறியென்றாலும் செவன் கிங்ஸுக்கு வருகிறேன். அன்றைக்கு மழை என்று சொல்கிறார்கள், பாதரை நனையவிடாமல் உள்ளே நிற்க வையுங்கள். தேத்தண்ணி நான் கொண்டுவருகிறேன்.